நான்கு சுரங்களின் மேல் நின்று பாட: பரோக், ஜாஸ், ரொக் மூன்றையும் ஒரே குரலில் சேர்க்கும் வழி

பழைய இத்தாலியப் பாட்டொன்றை எடுத்து, பின்னால் டிரம்ஸை ஓடவிட்டு, நடுவில் ஒரு சாக்ஸபோன் துண்டைச் செருகினால் பரோக்கும் ஜாஸும் ரொக்கும் கலந்துவிட்டன என்று நினைப்பவர்கள் உண்டு. கலியாண மண்டபத்தில் அது எடுபடும். ஆனால் பாடுபவருக்கு அதில் வேலையே இல்லை. இரண்டாம் முறை கேட்பவருக்கும் எதுவும் மிஞ்சாது. இந்த மூன்று இசைகளுக்கும் பொதுவாக இருப்பது கீழே ஓடும் பேஸ், அதாவது மிகத் தாழ்ந்த சுரங்களின் வரி. பரோக் தொடங்கிய காலத்தில், 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில், இத்தாலியில் தனிக்குரலுக்குப் பாட்டு எழுதியவர்கள் காகிதத்தில் வைத்தது பெரும்பாலும் இரண்டே வரிகள்: மேலே குரல், கீழே பேஸ். இடையில் எந்தச் சுரங்களைச் சேர்ப்பது என்பதை வாசிப்பவர் அந்த இடத்திலேயே முடிவு செய்வார். உதவிக்குப் பேஸ் சுரத்தின் அருகே 6, 7, 4-3 என்று சில இலக்கங்கள் இருக்கும். ஜாஸ் கலைஞரின் தாளிலும் ஒரு மெட்டும் சில கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பெயர்களும்தான் இருக்கின்றன. புரோகிரசிவ் ரொக்கோ ஒரு பேஸ் வரியைப் பல நிமிடங்கள் விடாமல் பிடித்துக்கொண்டு அதன் மேல் கட்டிடம் எழுப்பத் தயங்காத இசை. ஆகவே கலப்பதென்றால் பேஸிலிருந்து தொடங்க வேண்டும். மேற்பூச்சு எல்லாம் பிறகு.

இந்தக் குறிப்பு, கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது படித்த, பக்கத்தில் ஒரு பேஸ் கிற்றாரும் ஒரு கீபோர்டும் கிடைக்கக்கூடிய பாடகர்களுக்கானது. நானும் அந்த வகைதான். திருகோணமலையில் வர்ணமும் கீர்த்தனையும் படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் பாடி வளர்ந்தவள். உவர்மலையில் என் மச்சாளின் வீட்டு வாகனக் கொட்டகைதான் எங்கள் ஒத்திகை மண்டபம். மச்சாள் கீபோர்ட் வாசிப்பாள். பேஸ் கிற்றார் அண்ணன் கலியாண வீடுகளில் பைலா வாசித்துப் பிழைப்பவர். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி மிருதங்கம் படித்தவன். அந்தக் காலத்து நரம்பு வாத்தியங்களான லூட்டையோ தியோர்போவையோ எங்களில் எவரும் கையால் தொட்டதில்லை. அது பெரிய தடையும் இல்லை. வாத்தியத்தைத் தேடி அலையும் நேரத்தில் பாட்டைப் படித்துவிடலாம்.

முதலில் பேஸை நீங்கள் பாடுங்கள்

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது இத்தாலிய இசையமைப்பாளர் கிளாடியோ மொன்டெவெர்டியின் ‘வனதேவதையின் புலம்பல்’. 1638இல் வெனிஸில் அச்சான அவருடைய எட்டாவது மத்ரிகல் (பல குரல் பாட்டு) நூலில் இருக்கிறது. அதன் நடுப்பகுதியில் பேஸ் நான்கே சுரங்களில் இறங்குகிறது. இறங்கியதும் மறுபடி மேலே போய் அதே நான்கையும் இறங்குகிறது. இப்படி 34 முறை. மேல்நாட்டு ஏ (A) சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அந்த நான்கும் மேல் ச, கைசிகி நிஷாதம், சுத்த தைவதம், பஞ்சமம். நடபைரவியின் மேற்பாதியை அப்படியே இறங்கிப் பாடுவதுதான். ஸ்பானிய ஃபிளமென்கோவிலும் கணக்கற்ற ரொக் பாட்டுகளிலும் இதே இறக்கம் இருப்பதால் உங்கள் பேஸ் வாசிப்பவருக்கு முதல் நாளே கை பழகிவிடும்.

ஆனால் அவரிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் பாட வேண்டும். மெட்ரோனோமை 60இல் வையுங்கள். ஒரு சுரத்துக்கு மூன்று அடி. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. பெண்குரல் என்றால் ஒரு ஸ்தாயி மேலே பாடலாம். அடியை எண்ணிக்கொண்டு பாடுவது முதல் கட்டம். எண்ணாமல் பாடுவது இரண்டாம் கட்டம். வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது யாராவது ‘இப்போது எந்தச் சுரம்?’ என்று கேட்டால் உடனே சொல்ல முடிவது மூன்றாம் கட்டம். அங்கே வந்த பிறகு உங்கள் குரலிலேயே பேஸைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, அதை ஓடவிட்டு மேலே மெட்டைப் பாடுங்கள். மற்றவர்களோடு உட்காருவது அதற்குப் பிறகுதான். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களை ஒத்திகையின் பத்தாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்: மெட்டு முடியும் இடமும் பேஸ் முடியும் இடமும் வேறாகும்போது தடுமாறி கீபோர்டைப் பார்ப்பார்கள். மொன்டெவெர்டி வேண்டுமென்றே அப்படித்தான் எழுதியிருக்கிறார். பேஸ் புதிய சுற்றைத் தொடங்கியிருக்கும். நாயகி பழைய வாக்கியத்தை இன்னும் முடித்திருக்க மாட்டாள்.

இங்கே நான் அந்தப் பெரியவரோடு முரண்படும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். புலம்பலைக் கையின் தாளத்துக்குப் பாடாமல் மனத்தின் உணர்ச்சிக்கேற்ற தாளத்தில் பாட வேண்டும், கூடப் பாடும் மூன்று ஆண்களும் அவளைப் பின்பற்ற வேண்டும் என்று அவர் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். அதன்படி எல்லாரும் சேர்ந்து நெகிழ்வது தனி அழகு. ஆனால் டிரம்ஸ் உள்ள குழுவில் பேஸ் நெகிழ்ந்தால் ஜாஸும் போய்விடும், ரொக்கும் போய்விடும். எனவே எங்கள் கொட்டகையில் சட்டம் வேறு: குரல் எவ்வளவு வேண்டுமானாலும் பிந்தலாம், பேஸ் ஒரு மயிரிழையும் அசையக்கூடாது. பாடுபவர் பிந்தினால் வாத்தியங்களும் பிந்திக்கொடுப்பது நம் கச்சேரிப் பண்பு. பக்கவாத்தியம் என்ற முறையே அந்த அன்பில் வளர்ந்தது. பேஸ் அண்ணனிடம் அந்த அன்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். பிறகு நீங்கள் அரை அடி பின்னால் சாய்ந்து பாடலாம். பேஸ் பஞ்சமத்துக்கு வரும்போது ஓடிவந்து சேர்ந்துகொள்ளலாம். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று பாடியே பெயர் பெற்றவர். அவருக்குக் கீழே இருந்தவர்கள் அசையாததால்தான் அந்தப் பிந்தல் காதில் விழுகிறது.

பயிற்சி முறை எளிது. பதிவு செய்த பேஸின் மேல் ஒரு வரியை நேராகப் பாடுங்கள். அடுத்த சுற்றில் அதே வரியை முதல் எழுத்து மட்டும் பிந்தும்படி. அடுத்ததில் வரி முழுவதும் பிந்தும்படி. அதற்கடுத்ததில் முன்னதாகத் தொடங்கி, நடுவில் காத்திருக்கும்படி. சொற்கள் மாறக்கூடாது, சுரங்கள் மாறக்கூடாது. நேரம் மட்டும் மாற வேண்டும்.

குரலை நேராக்குவது

நம்மவர்களுக்குக் கடினமான பாடம் இதுதான், அதனால் இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்கிறேன். கர்நாடக முறையில் படித்த தொண்டைக்குச் சுரத்தை அசைக்காமல் வைத்திருப்பது வெறுமையாகப் படும். நிஷாதத்தைத் தொட்டதும் அது தானாக ஷட்ஜத்தை எட்டிப்பார்க்கும். தனியாகப் பாடும்போது அது அழகு. கீழே பேஸும் கீபோர்டும் ஒரு கோர்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கமகம் இரண்டு சுரங்களுக்கு இடையில் அலைந்து, முரண் எது, தீர்வு எது என்று தெரியாமல் குழப்பிவிடும். பரோக் பாட்டின் உயிரே அந்த முரணிலும் தீர்விலும் இருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல பாடசாலை இன்னோர் இத்தாலியரான தார்க்வினியோ மெருலாவின் தாலாட்டு. மரியாள் குழந்தை இயேசுவைத் தூங்கவைத்துக்கொண்டே அவருக்கு வரப்போகும் பாடுகளைப் பாடும் பாட்டு. 1638இல் அச்சான தொகுப்பொன்றில் இருக்கிறது. பேஸ் முழுவதும் இரண்டே சுரங்கள், ஏயும் பி ஃபிளாட்டும்: ச, சுத்த ரிஷபம், ச, சுத்த ரிஷபம், ஏறக்குறையப் பாட்டு முடியும்வரை. தம்புரா செயலியை ஓடவிட்டு அந்த இரண்டின் மேல் நீண்ட ஒற்றைச் சுரங்களைப் பாடுங்கள். தோடியின் ரிஷபம் பழகிய தொண்டைக்கு முதலில் நரகமாக இருக்கும். அந்தச் சுரத்தை ஆணியடித்ததுபோல் நிறுத்தி வைக்க முடிந்த அன்று உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

நேராகப் பாடுவது என்றால் அலங்காரமே இல்லாமல் பாடுவது என்று பொருளில்லை. பாடகரும் இசையமைப்பாளருமான ஜூலியோ கச்சினி 1602இல் புளோரன்ஸில் வெளியிட்ட நூலின் முன்னுரையில் அந்தக் காலத்து அலங்காரங்களை விளக்கியிருக்கிறார். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ட்ரில்லோ: ஒரே சுரத்தைத் தொண்டையால் திரும்பத் திரும்பத் தட்டுவது, மெதுவாகத் தொடங்கி விரைவாக்கிக்கொண்டே போய். இதைச் சாதகம் செய்ய ‘ஆ’ என்ற உயிரில் ஒரு சுரத்தை எடுத்து ஓர் அடிக்கு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று காலங்களை ஏற்றுங்கள். மூன்று காலம் பாடப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. சிரிக்கும்போது வயிற்றில் ஏற்படும் துள்ளல்தான் இதற்கு வேண்டிய இயக்கம். தாடை அசைந்தால் பிழை. இரண்டு, க்ருப்போ: பக்கத்துச் சுரத்தோடு மாறி மாறி வந்து முடிவது, நமக்கு எளிது. மூன்று, எஸ்க்ளமாட்சியோனே: சுரத்தை எடுத்தவுடன் ஒலியைக் குறைத்து, பிறகு வளர்ப்பது. மைக் வைத்துப் பாடுகிறவர்களுக்கு இந்த மூன்றாவது பெரிய வரம். மைக்கை நகர்த்தாமல் மூச்சாலேயே அதைச் செய்யப் பழகுங்கள்.

பிருகாக்களை அள்ளிப் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு: கச்சினிக்கும் அது பிடிக்காது. நீண்ட அசைகளிலும் முடிவுகளிலும் மட்டும் ஓட்டங்களை வைக்கச் சொல்கிறார், உருக்கமான இடங்களில் வேண்டாம் என்கிறார். 400 ஆண்டுகளுக்கு முன் புளோரன்ஸிலும் நம் சபாப் பாடகர்களைப் போன்றவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

சுருதி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. அந்தக் காலத்துக் கீபோர்டுகளைப் பெரும்பாலும் மேஜர் மூன்றாம் சுரம் தூய்மையாக ஒலிக்கும்படி கூட்டுவார்கள். தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் அதுவேதான். இன்றைய கீபோர்டில் அது ஏறக்குறைய 14 சென்ட் கூர்மையாக இருக்கிறது. அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. நான்கு சுர இறக்கத்தின் கடைசியில், பஞ்சமத்தின் மேல் வரும் ஈ மேஜர் கோர்டில், நீங்கள் காகலி நிஷாதத்தைப் பாடும்போது கீபோர்டும் அதே சுரத்தை வாசித்தால் இரண்டும் உரசும். மச்சாளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நான் மூன்றாம் சுரத்தைப் பாடும் இடத்தில் நீ அதை விட்டுவிடு, ஈயும் பியும் மட்டும் போதும். அதைப் பாட நான் இருக்கிறேன்.

ஒரே முரண், இரண்டு தீர்வு

இப்போது ஜாஸ். பலர் இங்கே ஏதோ பெரிய கதவு திறக்கப்போகிறது என்று எதிர்பார்ப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே உள்ளேதான் நிற்கிறீர்கள்.

பேஸ் பஞ்சமத்துக்கு இறங்கும்போது நீங்கள் மேல் ஷட்ஜத்தை விடாமல் பிடித்திருங்கள். கீழே ஈ, மேலே ஏ. காத்திருங்கள். பிறகு காகலி நிஷாதத்துக்கு இறங்குங்கள். பேஸின் அருகே 4-3 என்று எழுதியிருந்தால் அதன் பொருள் இதுதான்: முன்பே ஒலித்துக்கொண்டிருந்த சுரம், பேஸ் நகர்ந்ததால் முரணாகி, ஒரு படி இறங்கித் தீர்கிறது. இந்த ஒழுங்கை மொன்டெவெர்டி மீறியதால் சண்டையே வந்தது. ஆர்டூசி என்ற இசையறிஞர் 1600இல், முன்னறிவிப்பில்லாமல் முரண் சுரங்களை இறக்குகிறார் என்று அவரைக் கண்டித்து எழுதினார். சொல்லின் உணர்ச்சி கேட்டால் விதி வழிவிட வேண்டும் என்பது மொன்டெவெர்டி பக்கத்து வாதம். நீங்கள் ஜாஸுக்குள் போகும் வழி இந்த வாதத்தின் வழியாகத்தான்.

அடுத்த சுற்றில் அதே ஷட்ஜத்தைப் பிடியுங்கள், ஆனால் இறங்காதீர்கள். கோர்ட் தீராமல் தொங்கட்டும். அதற்கடுத்த சுற்றில் காகலிக்குப் பதிலாகக் கைசிகி நிஷாதத்துக்கு இறங்குங்கள். அந்த வேளையில் கீபோர்ட் காகலியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். இரண்டு நிஷாதங்களும் மோதும். ஜாஸ்காரர் இதை ஈ ஏழு, ஷார்ப் ஒன்பது என்பார். புளூஸின் வாசனை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பழைய நூற்றாண்டுகளில் ஆங்கிலேய இசையமைப்பாளர்களும் ஒரே சுரத்தின் இரண்டு வடிவங்களை இப்படி மோதவிட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த ஒரு மோதலை யாரும் இரவல் என்று சொல்ல முடியாது. ஒரே ராகத்தில் இரண்டு நிஷாதமா என்று உங்கள் காது கூசும். கூசட்டும்.

கீபோர்டுக்கு நான் கொடுக்கும் வரிசை: முதல் சில சுற்றுகளில் வெறும் ஐந்தாம் சுரங்கள். பிறகு சாதாரணக் கோர்டுகள். பிறகு ஏ மைனர் ஒன்பது, ஜி ஆறு, எஃப் மேஜர் ஏழு, ஈ ஏழு. பேஸ் மாறவே மாறாது. மேலே கோர்ட் மட்டும் தடிக்கும். தம்பி மூன்றடித் தாளத்தைச் சிம்பலில் ஜாஸ் வால்ட்ஸாக ஆட்டுவான். குரல் ஆடக்கூடாது. எல்லாரும் சேர்ந்து ஸ்விங் பண்ணினால் சுற்றுலா ஹோட்டல் இசையாகிவிடும்.

கற்பனையாகப் பாடும் இடத்தில் ஸ்கேட் சொற்கள் (ஜாஸ் பாடகர்கள் பாடும் பொருளற்ற அசைகள்) வேண்டாம் என்பது என் கட்சி. அது மற்றவர்களின் வாய்மொழி. ‘ச ரி க ம’ என்று சுரமும் பாடாதீர்கள். கைதட்டல் வரும், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நொடியில் பாட்டு வழக்கமான ஃபியூஷன் மேடைக்குப் போய்விடும். பாட்டின் சொல்லொன்றை எடுத்து, அதன் உயிரெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நிரவல் செய்வதுபோல் விரியுங்கள். சொல் கையில் இருக்கும்வரை நாயகி மேடையை விட்டுப் போக மாட்டாள்.

ஏழின் கணக்கு

புரோகிரசிவ் ரொக் பகுதிக்கு உரத்த கிற்றார் வாங்கப் போகாதீர்கள். முதலில் தாளத்தைத் திருத்துங்கள். ஒவ்வொரு பேஸ் சுரத்துக்கும் மூன்றடி கொடுத்தீர்கள் அல்லவா, அதை மிஸ்ர சாபாக மாற்றுங்கள்: ஒரு சுரத்துக்கு ஏழு, மூன்றும் நான்குமாக. சுற்றுக்கு 28. மேல்நாட்டு டிரம்ஸ் கலைஞர் ஏழுக்கு எண்ணிப் பழக வேண்டும். மிருதங்கம் படித்த தம்பிக்கு அது தொடையில் ஏற்கெனவே இருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. பேஸ் பன்னிரண்டிலேயே நிற்கட்டும். குரல் மட்டும் ஏழடி நீளமுள்ள ஒரு சிறு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பாடட்டும். ஒவ்வொரு சுற்றிலும் வாக்கியம் வேறொரு பேஸ் சுரத்தின் மேல் விழும்; அதே மெட்டு ஒருமுறை இனிக்கும், ஒருமுறை உறைக்கும். 84 அடியில், அதாவது பேஸின் ஏழு சுற்றிலும் குரலின் பன்னிரண்டு வாக்கியத்திலும், இரண்டும் ஷட்ஜத்தில் வந்து சேரும். கோர்வை கட்டத் தெரிந்த எவருக்கும் இந்த மகிழ்ச்சி தெரியும். இதைப் பாடும்போது தாளம் போடாதீர்கள். கை எதற்குப் போடுவது என்று அதற்கே தெரியாது. பேஸை மட்டும் கேளுங்கள். முதல் பாடத்தை ஏன் அவ்வளவு வலியுறுத்தினேன் என்பது இங்கே புரியும்.

ரொக்கின் அடர்த்திக்கும் மொன்டெவெர்டியிடமே ஆதாரம் இருக்கிறது. கோபத்தையும் போரையும் காட்ட, ஒரு முழு நீளச் சுரத்தைப் பதினாறாக உடைத்து, ஒரே சுரத்தில் விரைவாகத் தட்டும் பாணியைத் தானே கண்டுபிடித்ததாக அவர் எழுதுகிறார். 1624இல் வெனிஸில் முதன்முதலாகப் பாடப்பட்ட ‘தங்க்ரேதியும் க்ளொரிண்டாவும் போரிட்டது’ என்ற படைப்பில் நரம்பு வாத்தியங்கள் இப்படித் தட்டுகின்றன. வில்லை விட்டுவிட்டு விரலாலும் மீட்டுகின்றன. கிற்றாரின் தடித்த கம்பியில் உள்ளங்கையை வைத்து அடக்கி, பதினாறாகத் தட்டிப் பாருங்கள். அது நேராக ரொக். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் கொஞ்சம் போதும்.

ஆறடித் தாளத்தை இரண்டாகவும் மூன்றாகவும் மாற்றி எண்ணுவது பரோக்கில் அடிக்கடி வரும் வித்தை. இங்கே அதற்கும் வெளியூர் ஆசிரியர் தேவையில்லை. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கீசப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா என்ற நடன இசை அந்த ஆறில்தான் ஆடுகிறது. எங்கள் அண்ணனின் பைலா விரல்களுக்கு அந்த மாற்றத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது பரோக்கிலும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நம்பவில்லை. பதிவைப் போட்டுக் காட்டினேன். ‘எங்கட சாமான்தானே’ என்று வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

எல்லாவற்றையும் அடுக்குவது: மெட்ரோனோம் 60இல் ஒரு சுற்று 12 விநாடி, 34 சுற்றும் பன்னிரண்டடியிலேயே போனால் 6 நிமிடம் 48 விநாடி. நாங்கள் முதல் பத்துச் சுற்றுகளை எழுதியபடி பாடுகிறோம். அடுத்த பத்தில் கோர்டுகள் தடிக்கின்றன, குரல் பிந்துகிறது, கற்பனை வருகிறது. அதன் பிறகு ஏழு சுற்று அந்த 84 அடிக் கணக்கு. அடுத்த ஐந்து மிஸ்ர சாபில், கிற்றாரின் பதினாறுகளோடு, இருக்கும் ஒலி முழுவதும். கடைசி இரண்டுக்குப் பேஸும் குரலும் மட்டும். உங்கள் பங்கீடு வேறாக இருக்கலாம். ஆனால் உரத்த பகுதியை முன்னால் கொண்டுவராதீர்கள். பேஸ் காதில் ஊறிய பிறகுதான் அதை உடைப்பதில் பொருள் இருக்கிறது.

சொற்களும் சாமான்களும்

இத்தாலியப் பாட்டை இத்தாலியத்திலேயே பாடுங்கள். அந்த மொழியில் ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும்; இரட்டித்த ஒற்றில் ஒரு கணம் ஒலியை நிறுத்தத் தெரியாத ஆங்கிலப் பாடகர்கள் தடுமாறும் அந்த இடம், அம்மா அப்பா என்று பேசி வளர்ந்த நமக்கு இயல்பு. தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிப் படிக்காதீர்கள். வல்லின எழுத்துகளின் இரண்டு ஒலிப்புகளும் ஒன்றாகிவிடும். அதே பேஸுக்குத் தமிழில் புதிதாக எழுதுவதானால், பேஸ் பஞ்சமத்துக்கு வரும் இடத்தில் நெடில் வரும்படி வரியை அமையுங்கள். குறிலில் முரணை நீட்ட முடியாது. நீட்டினால் சொல் செத்துவிடும்.

கீபோர்டில், பரோக் காலத்து விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டின் ஒலியைத் தேர்ந்தெடுத்ததும், விரல் அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறும் வசதியை நிறுத்திவிடுங்கள். உண்மையான ஹார்ப்சிகார்ட் எவ்வளவு அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஒலிக்கும். அந்த ஒரு மாற்றத்தால் பாதிப் போலித்தனம் போய்விடும். உருக்கம் வேண்டிய இடத்தில் கோர்டை ஒன்றாக அடிக்காமல் கீழிருந்து மேலாக உதிர்க்கச் சொல்லுங்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் இங்கே கிற்றார் கம்பிகள் துருப்பிடிக்கும், மரம் ஊதும், சுருதி நிற்காது. பாட்டுக்குப் பாட்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேடை

திருகோணமலையை அடுத்த உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டவர் வருகிற காலம், வாய்ப்புகள் அப்போதுதான். ஒரு ஹோட்டலில் எங்களிடம் ‘தெரிந்த பாட்டு’ பாடச் சொன்னார்கள். அதற்கு வழி, நான்கு சுர இறக்கத்தில் அமைந்த, அவர்களுக்குத் தெரிந்த ரொக் பாட்டொன்றில் தொடங்கி, பேஸை நிறுத்தாமல் 1638க்குள் நழுவுவதுதான். முகாமையாளருக்கு எந்த இடத்தில் பாட்டு மாறியது என்று தெரியவில்லை. சம்பளம் கொடுத்துவிட்டார்.

மெருலாவின் தாலாட்டை முதலாவதாகப் பாடாதீர்கள். இரண்டு சுரப் பேஸ், தட்டுகளும் கரண்டிகளும் ஒலிக்கும் இடத்தில் தாங்காது. மூன்றாவதாக வையுங்கள். அதன் பின்னால் உடனே கஃப்ரிஞ்ஞா வேகத்தில் ஒன்று.

விளக்கவுரை ஆற்றாதீர்கள். நம்மூரில் மேடையேறியவருக்கு மைக் கிடைத்தால் நன்றியுரை வரை போய்விடும். நான் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்: கோணேசர் கோவிலை இடித்த கற்களால் போர்த்துக்கீசர் இங்கே கோட்டை எழுப்பிய அதே 1624இல், வெனிஸில் மொன்டெவெர்டி நரம்பு வாத்தியங்களுக்குப் போர் ஒலி எழுப்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிவிட்டு அண்ணனைப் பார்ப்பேன், பேஸ் தொடங்கும். கோட்டை வாசலைத் தினமும் கடந்து போகும் ஊர்க்காரர்கள் அந்தப் பதினாறு தட்டுகளை வேறுவிதமாகக் கேட்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாட்டு கைவசமானதும் அடுத்ததாக வெனிஸைச் சேர்ந்த பார்பரா ஸ்ட்ரோட்ஸியை எடுக்கலாம். 1664இல் அச்சான அவருடைய எட்டாம் தொகுப்பில் ‘என்ன செய்யலாம்’ என்று தொடங்கும் பாட்டும் நான்கு சுர இறக்கத்தில்தான் இருக்கிறது. தானே பாடகியாக இருந்தவர் எழுதியது என்பதால் மூச்சு எங்கே தீரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலேயரான ஹென்றி பர்செல் தன் ஓபெராவில் டைடோ அரசிக்கு எழுதிய புலம்பலை அதற்கும் பிறகு வையுங்கள். அதில் பேஸ் ச, காகலி, கைசிகி, சதுசுருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம் என்று அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்குகிறது. எந்த ராகத்திலும் நாம் பாடாத வரிசை. ஆகவே பேஸைப் பாடும் பாடத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும். இன்னொன்று, அந்தப் பேஸின் நீளம் ஐந்து பார் (மேல்நாட்டுத் தாளக் கட்டம்). குரல் வாக்கியங்கள் அதன் மேல் ஏறியும் இறங்கியும் போகின்றன. வாசிப்பதற்கு வசதியாக அதை நான்காகவோ எட்டாகவோ வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.